ஏப்ரல் மாதக் கொண்டாட்டங்களும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். ஏப்ரல் ஒரு வழியாக முடிந்தது. இத்தனை சிறப்பு நாட்கள் ஒரே மாதத்தில் வந்தால் என்னதான் செய்வது என்று ஆசிரியர் அறையில் புலம்பல் கேட்கிறது. 2ஆம் தேதி, குழந்தைக் கதைகள் எழுதிய டென்மார்க் எழுத்தாளர் ஆன்டர்சன் பிறந்த நாளில் வரும் சர்வதேசக் குழந்தைகள் புத்தக நாள், 7 உலகச் சுகாதார நாள், 12 யூரி ககாரின் விண்வெளிக்குப் போன நாள், 15 லியோனார்டோ டா வின்சி பிறந்தநாள், 18 உலக மரபு நாள், 22 புவி நாள், 23 உலகப் புத்தக நாள். எல்லாமே நல்லபடியாக நடந்தன, பிள்ளைகள் ஆர்வமாகக் கலந்துகொண்டார்கள், ஆசிரியர்கள் உழைத்தார்கள். சதுரங்கத்திலும் ஓட்டத்திலும் பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

12ஆம் தேதி தாழ்வாரம் முழுக்க விண்கல மாதிரிகள். அதில் ஒன்று விளக்கு மினுக்கிக்கொண்டு, அடியில் மோட்டார் வைத்துச் சுற்றிக்கொண்டு இருந்தது, எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கொண்டுவந்த பையனிடம், இதில் ககாரின் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன். "தெரியல மேடம், இதை ஒட்டும்போது நான் தூங்கிட்டேன்" என்றான். அவ்வளவு நேர்மையான பதிலை இந்த மாதம் வேறு யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பக்கத்திலேயே காகிதத்தைக் கசக்கி உருட்டிய ஒரு கோணல் பந்து இருந்தது. நான்காம் வகுப்புப் பெண் செய்தது. பார்த்துவிட்டுச் சிலர் சிரித்தார்கள், அவள் முகம் சுருங்கியதையும் பார்த்தேன். ஆனால் வஸ்தோக் 1 கலத்தில் ககாரின் உட்கார்ந்திருந்த பகுதி நிஜமாகவே பந்து வடிவம்தான், அவளுக்கு அது தெரிந்திருந்தது. 1961இல் அந்தப் பயணம் மொத்தம் 108 நிமிடம், நம் இரண்டு பாடவேளையும் இடைவேளையும் முடிவதற்குள் அவர் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டார் என்று தானே கணக்குப் போட்டுச் சொன்னாள். கடைசியில் அவர் கலத்தோடு தரையிறங்கவில்லை, சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே வந்து பாராசூட்டில்தான் இறங்கினார் என்பதையும் சொன்னாள்.

அப்புறம் 22ஆம் தேதி. புவி நாள் 1970இல் தொடங்கியதே சுற்றுச்சூழல் கெடுவதைத் தட்டிக் கேட்கத்தான். அதற்கு நமக்கு வந்து சேர்ந்தவை கடையில் வாங்கிய தெர்மாகோல் உருண்டைகள், மேலே மினுமினுப்புத் தூள் வேறு. இப்போது அவற்றை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கிறோம்.

மறுநாள் புத்தக நாளில் இன்னொரு வேடிக்கை. ஏழாம் வகுப்பில் பெரும்பாலான அட்டைகளில் ஒரே படம், ஒரே வாசகம்: ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள். தேதி ஒன்றுதான், நாள் ஒன்றல்ல. செர்வாண்டிஸ் ஸ்பெயின் எழுத்தாளர், ஸ்பெயின் அப்போது நாம் இன்று பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. நடுவில் பத்து நாள் வித்தியாசம், இன்றைய கணக்கில் ஷேக்ஸ்பியர் இறந்தது மே 3. செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம் நடந்ததுதான் 23 என்றும் சொல்கிறார்கள். இதை ஒரு பையன் தானே தேடிக் கண்டுபிடித்திருந்தான். ஆனால் அவன் அட்டையிலும் பழைய வாசகம்தான், ஏனென்றால் அதற்குள் வீட்டில் அச்சடித்து லேமினேட் செய்தாகிவிட்டது. என்னிடம் வந்து மெதுவாகக் காதில் சொன்னான்.

இதையெல்லாம்கூடச் சிரித்துக் கடந்துவிடலாம். ஆனால் எந்த மாதிரிக்கு முதல் பரிசு என்று இரண்டு பெற்றோர் பிள்ளைகள் முன்னால் தாழ்வாரத்தில் நின்று சண்டை போட்டதை நான் சிரித்துக் கடக்கத் தயாராக இல்லை. இனி இப்படி நடக்கக் கூடாது. அடுத்த மாதத்திலிருந்து சிறப்பு நாட்களுக்கான வேலை எல்லாம் வகுப்பிலேயே, பிள்ளைகள் கையாலேயே நடக்கும். வீட்டிலிருந்து செய்தோ வாங்கியோ கொண்டுவருவது காட்சிக்கு வைக்கப்படாது. மாதிரிகளுக்குப் பரிசு கிடையாது. வேஷத்துக்காக எதையும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு வகுப்பாசிரியருக்கு "நாளைக்கு என்ன கலர் சார்ட் மேடம்" என்று செய்தி அனுப்பினால் பதில் வராது, வரவும் கூடாது என்று நானே சொல்லியிருக்கிறேன்.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது. பல அறிவிப்புகள் தாமதமாகத்தான் வந்தன, டா வின்சி நாளுக்கு முந்தைய நாள் சாயங்காலம்தான் சொன்னோம். ஆனால் அன்று யாருக்கும் எதையும் வாங்க நேரம் இல்லாமல் போனதால், பிள்ளைகள் வெறும் பென்சிலை வைத்துக்கொண்டு அவர் மாதிரியே வலமிருந்து இடமாகக் கண்ணாடி எழுத்தில் தங்கள் பெயரை எழுதிப் பார்த்தார்கள். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைகள் அன்று ராஜாவாக இருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்த மாதத்திலேயே நல்ல நாள் அதுதான்.

நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெரிதாகக் கொண்டுபோகும்போது நம் பிள்ளை மட்டும் கோணல் மாணலாக எதையோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்க மனசு கேட்காது. என் மகனுக்கு எரிமலை செய்து கொடுத்தவள்தான் நானும், பரிசுகூட வாங்கினேன்.

வேலை முடிந்து களைத்து வந்தும் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும், நிகழ்ச்சி முடிந்ததும் நின்று நாற்காலி அடுக்கிக் கொடுத்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. அந்த விளக்கு வைத்த விண்கலத்தைச் செய்தவருக்கும் நன்றி, வேலைப்பாடு அருமை. ஒரு நாள் வகுப்புக்கு வந்து மோட்டார் இணைப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

மாதிரிகளை வெள்ளிக்கிழமை மாலைக்குள் எடுத்துச் செல்லுங்கள். மே மாதப் பட்டியல் திங்களன்று குறிப்பேட்டில் வரும், இந்த முறை ஒரு வாரம் முன்னாலேயே.

அன்புடன்,
தலைமையாசிரியர்