நூறு ரூபாய்ப் பதிவுக்கு மூவாயிரத்து ஐந்நூறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெறாமல் வீட்டில் பலகாரம் செய்து விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். எடுக்கட்டும். ஊருக்கு உணவு விற்பவர் யார், எங்கே சமைக்கிறார் என்பது அரசுக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் பகுதியில் பதிவு செய்யாத பெண்கள் பலரும், அதற்கு ஆயிரக்கணக்கில் செலவாகும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒதுங்கியிருக்கிறார்கள். நானும் அப்படி நம்பியவள்தான்.

மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்த 2023-ஆம் ஆண்டில், அதுவரை அக்கம்பக்கத்தில் மட்டும் விற்றுவந்த நான், பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கத் துணிந்தேன். கடைக்காரர் முதலில் கேட்டது, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்றுதான். ஒரு கணினி மையத்தில் விசாரித்தேன். உரிமத்துக்கு 3,500 ரூபாய், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைக்குத் தனியே பணம் என்றார்கள். எங்கள் ஊர் முறுக்குக்கு ருசியே இந்தத் தண்ணீரால்தான் என்பார்கள். அந்தத் தண்ணீருக்கே பரிசோதனை வேண்டும் என்று பயமுறுத்தினார்கள். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

பிறகு கைக்கு வந்த அரசு ரசீதில் இருந்த தொகை 100 ரூபாய்.

அதற்குப் பின்தான் விவரம் தேடினேன். ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத என்னைப் போன்றவர்களுக்கு அப்போது உரிமமே தேவையில்லை, பதிவு போதும். அப்போதைய கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய், ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டினாலும் 500. கேட்பது புகைப்படம், அடையாள அட்டை, சமைக்கும் இடத்தின் முகவரிச் சான்று. தண்ணீர் அறிக்கை எல்லாம் பெரிய தயாரிப்பாளர்கள் உரிமம் பெறும்போது தர வேண்டியது. விண்ணப்பித்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு உத்தரவிட வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு விதிகள். எதுவும் நடக்காவிட்டால் சிறு வியாபாரி தொழிலைத் தொடங்கிவிடலாம். இதை எந்தத் தரகர் சொல்வார்?

தரகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. விண்ணப்பிக்கும் இணையதளத்தை நான் பார்த்தபோது எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அங்கே என்ன செய்வாள்?

இன்னொரு வருத்தமும் உண்டு. என் அடுப்படியை இன்றுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். எங்கள் முறுக்கை இரண்டு முறை எண்ணெயில் போட்டு எடுப்போம். திரும்பத் திரும்பக் காயும் எண்ணெயில், அது கெட்டுவருவதைக் காட்டும் போலார் சேர்மங்கள் என்பவை பெருகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. பதிவு பெற்று ஓராண்டு கழித்துத் தற்செயலாக இதை அறிந்தேன். சான்றிதழோடு தமிழில் ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்திருந்தால், அந்த ஓராண்டும் எண்ணெயை நான் வேறு விதமாகக் கையாண்டிருப்பேன்.

பதிவுக் கட்டணத்தையும் தேவையான ஆவணங்களையும் தமிழில் எழுதி, ரேஷன் கடைகளிலும் இ-சேவை மையங்களிலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் மாதம் ஒரு நாளாவது மகளிர் குழுக் கூட்டங்களுக்கு வந்து அங்கேயே பதிவு செய்து கொடுக்க வேண்டும். நடவடிக்கை அதன் பிறகு வரட்டும்.

எங்கள் தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் பதிவு இல்லாமல் முறுக்குச் சுடுகிறார்கள். நூறு ரூபாய்தான் என்று நான் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அரசே எழுதி வைத்தால் நம்புவார்கள்.

இப்படிக்கு,
வாசகி, மணப்பாறை