பணி நியமன ஆணைக்கு முன்னும் பின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமில் இத்தனை பேருக்குப் பணி நியமன ஆணை வழங்கப்பட்டது என்ற செய்தியைத் தங்கள் நாளிதழில் அடிக்கடி படிக்கிறேன். அரசு ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்) ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் 26 ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அந்த ஆணை கைக்கு வருவதற்கு முன்பும் வந்த பின்பும் நடப்பவை செய்தியில் இடம்பெறுவதில்லையே என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

ஃபிட்டர் பிரிவில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டருக்கு எட்டாம் வகுப்பே போதும். சேர்ந்த மாணவனுக்கு முதல் சில வாரங்களில் அரம் பிடிக்கவும், ராவிய இரும்புப் பட்டையை மூலைமட்டத்தோடு சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்க்கவும் சொல்லிக்கொடுப்போம். இதில் ஏறக்குறைய எல்லோருமே தேறிவிடுவார்கள். நுட்பமாக அளக்க உதவும் வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும்தான் சிக்கல் தொடங்கும். முதன்மைக் கோல் 24 மில்லிமீட்டரைக் காட்டி, வெர்னியரில் 13ஆவது கோடு நேர்ப்பட்டால், மீச்சிற்றளவான (அக்கருவி காட்டும் மிகச் சிறிய அளவு) 0.02ஆல் 13ஐப் பெருக்கிக் கூட்டி 24.26 என்று எழுத வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் 24.13 என்று எழுதுவார்கள், சிலர் 26.6 என்றுகூட எழுதியதுண்டு. அவர்களுக்குக் கருவி புரியாமல் இல்லை. பத்துப் பதினோரு வயதில் பிடிபட்டிருக்க வேண்டிய தசமம் பிடிபடாமலேயே மேலே வந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இது என் வகுப்பறையில் மட்டும் கண்ட குறையன்று. 'பிரதம்' அமைப்பு 26 மாநிலங்களில் நடத்திய 2023ஆம் ஆண்டு 'அசர்' கல்விநிலை ஆய்வில், 14 முதல் 18 வயது வரையுள்ள கிராமப்புறப் பிள்ளைகளுள் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 விழுக்காட்டினர்தான். தொடக்க வகுப்புகளில் இந்தக் குறையைப் போக்கத் தமிழ்நாட்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது, வரவேற்க வேண்டியதே. ஆனால் அந்தக் காலத்தைக் கடந்து ஐடிஐ வாசலில் வந்து நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, வாரத்தில் சொற்ப நேரம் நடக்கும் தொழிற்கணக்குப் பாடத்தை விட்டால் வேறு கதியில்லை. அந்தப் பாடமும் அவனுக்குத் தசமம் தெரியும் என்று நம்பித்தான் தொடங்குகிறது.

இந்நிலையில்தான் 71 அரசு ஐடிஐக்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் தொழில்நுட்ப மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டன. தேய்ந்துபோன லேத்தை (கடைசல் எந்திரம்) வைத்துக்கொண்டு பாடம் நடத்திய என் போன்றவர்களுக்கு இது கனவில் காணாத வசதி. ஆயினும், கணினிக் கட்டளைப்படி இயங்கும் சிஎன்சி எந்திரத்தில் எண்ணுக்குப் பின் புள்ளி வைக்க மறந்தால் 24 மில்லிமீட்டரை 0.024 என்று எடுத்துக்கொள்ளும் கன்ட்ரோலர்கள் உண்டு. டூல் உடைந்த பிறகுதான் தவறு தெரியும். எந்திரம் எவ்வளவு புதிதோ அவ்வளவு கணக்கு அறிவை அது கேட்கும். அதைச் சொல்லித்தர ஆளும் வேண்டும். நான் ஓய்வுபெற்றபோது என் இடத்துக்கு யாரும் வரவில்லை. பக்கத்துப் பிரிவுப் பயிற்றுநரே இரண்டு வகுப்புகளையும் சுமந்தார்.

இனி ஆணைக்குப் பின் நடப்பதைச் சொல்கிறேன். என் தங்கை பேரன் ஃபிட்டர் முடித்து, ஒரு முகாமில் மேடையேறி ஆணை வாங்கினான். போன இடத்தில் ஒப்பந்தக்காரரின் கீழ், உதிரிபாகங்களைத் தட்டில் அடுக்கி வண்டியில் ஏற்றும் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்; தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்ததுபோகக் கையில் நின்றது சொற்பம். இரண்டு ஆண்டுகள் கற்ற தொழிலுக்கு அங்கே வேலையே இல்லாததால், நாற்பது நாள் இருந்துவிட்டு ஊர் திரும்பினான். முகாம் கணக்கில் அவன் இன்றும் வேலை பெற்றவன்தான்.

வேலை கிடைக்காதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவருக்கு 400, பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கு 300. (மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் விதியும் வேறு.) இளைஞனுக்குக் கைகொடுக்க வேண்டியது பள்ளியோ கல்லூரியோ விட்டு வெளியே வந்த முதல் ஓராண்டில், ஐந்தாண்டு கழித்து வரும் 600 ரூபாய் நேர்காணலுக்குப் போய்வரும் பேருந்துச் செலவுக்குக் காணுமா என்பதே ஐயம். அதைவிட, நிறுவனங்களிலேயே தொழில் பழக வழிசெய்யும் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் கையில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் இது. பின்னர் வந்த விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆள்பலத்தில் குறைந்தது 2.5 விழுக்காடு பழகுநர்களைச் சேர்த்தாக வேண்டும். பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்பது உண்மைதான். ஆனாலும் தன் தொழிலிலேயே ஓராண்டு கை பழகியவனை அடுத்த பட்டறைக்காரர் திருப்பி அனுப்பமாட்டார்.

எனவே அரசிடம் கேட்பவை இவை: ஐடிஐ சேர்க்கை முடிந்ததும் முதல் இரண்டு மாதம் தினமும் ஒரு மணி நேரம் பின்னம், தசமம், விகிதம் ஆகியவற்றை மட்டும் அரத்தோடும் அளவுகோலோடும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும், புது எந்திரம் இறங்கும் நாளிலேயே அதற்கான பயிற்றுநரும் பணியில் இருக்க வேண்டும். முகாமில் ஆணை பெற்றவர்கள் ஓராண்டு கழித்தும் வேலையில் நீடிக்கிறார்களா என்பதை அவர்களின் வருங்கால வைப்புநிதிக் கணக்கைக் கொண்டே கண்டறிய முடியும். அந்த எண்ணிக்கையை மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும். அடுத்த முகாம் செய்திக்காகச் செல்லும் தங்கள் செய்தியாளரும், சென்ற ஆண்டு அதே மேடையில் ஆணை வாங்கியவர்கள் இப்போது எங்கே என்று அதிகாரிகளிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் நன்று.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் பயிற்றுநர்,
விருதுநகர்.