பரணுக்காகக் கூரை டிரஸ்ஸை அறுக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

பழைய மரக்கிடங்குகளை வீடாக்குவது பற்றிய கட்டுரையில் வெள்ளைச் சுவரும் வெற்றுத் தரையும் படுக்கைப் பரணும் படத்தில் அழகாகவே இருந்தன. அந்தப் பரண் எதன்மேல் நிற்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. வேலை கெடுவது அங்கேதான்.

ஓட்டுக்கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்தான் டிரஸ் (truss). அதில் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் கைமரங்கள் அகன்றுபோகாமல் இழுத்துப் பிடிப்பது குறுக்கு விட்டம். தலை இடிக்கிறதென்று அதை நடுவில் அறுத்தால் அன்றைக்கே கூரை விழுந்துவிடாது. மெல்ல மெல்லக் கைமரம் சுவரின் தலையை வெளியே தள்ளும், முகடு தொய்யும், சுவரின் மேல்வரிசையில் படுக்கைவாட்டில் விரிசல் ஓடும். பூச்சுக்காரரை அழைத்து அதை அடைப்பது வீண்.

உயரத்தை முதலில் அளந்துவிடுங்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பரணில் 2.2 மீட்டர் வேண்டும். கீழே புழங்கும் அறை என்றால் 2.75. பரண் தளத்தின் கனம் 20 சென்டிமீட்டரையும் சேர்த்தால் தரையிலிருந்து ஏறக்குறைய 17 அடி உயரம் வேண்டும். விட்டம் 14 அடியில் இருந்தால் கீழே அவ்வளவு உயரம் தேவைப்படாத குளியலறையை வைத்து, இரு டிரஸ்களுக்கு நடுவே விட்டம் குறுக்கிடாத இடத்தில் பரணைப் போடலாம். பரணின் பரப்பு தரையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பரணை டிரஸ்ஸில் தொங்கவிடவும் கூடாது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்று கணக்கு. 10க்கு 12 அடிப் பரணுக்கே இரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. ஓட்டைத் தாங்கச் செய்த சட்டம் அதைச் சுமக்காது. தனித் தூண், தனி அஸ்திவாரம்தான் வழி. 2க்கு 6 அங்குலத் தேக்குச் சட்டத்தை 16 அங்குல இடைவெளியில், 6 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி போட்டால் 10 அடி வரை தாங்கும். அதற்கு மேல் போனால் நடக்கும்போதே அதிரும்.

பழைய தேக்கில் நார் போன போக்கில் நீளவாக்கில் இருக்கும் வெடிப்பு பெரும்பாலும் உலர்ந்ததால் வந்தது, பயப்பட வேண்டாம். நாரைக் குறுக்கே வெட்டும் வெடிப்பும், போல்ட் துளையிலிருந்து கிளம்பும் வெடிப்பும்தான் ஆபத்து. சுவருக்குள் புதைந்த மர முனையை உளியால் குத்திப் பாருங்கள். இறங்கினால் உளுத்துவிட்டது. முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்றோட்டம் விடாமல் சிமெண்ட் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, மாற்றிய மரமும் உளுக்கும்.

கரையானுக்குச் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு லிட்டர் மருந்து. தரை பாலிஷுக்கு முன்பே இது முடிய வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வெளிச்சம் போதாதென்று ஜன்னல் உடைப்பவர்கள் டிரஸ் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே கைவைக்காதீர்கள். இரண்டு டிரஸ்களுக்கும் நடுவில் திறந்துகொள்ளுங்கள். மிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு இருக்கிறது.

- கட்டடப் பொறியாளர் ஒருவர், சென்னை