புவிச்சரிதவியல் படிக்கக் காணி விற்கத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ். நகரிலும் திருநெல்வேலிச் சந்தியிலும் வெளிநாட்டுக் கல்வி முகவர்களின் பதாகைகளுக்குக் குறைவில்லை. முகாமைத்துவம், கணினி, தாதியம் என்று அவற்றில் வரிசையாக இருக்கும். பாறை, நிலத்தடி நீர், நிலநடுக்கம், காலநிலை பற்றிய ஆய்வுப் படிப்பு எதுவும் இராது. கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவரைக் கொண்டுவந்து சேர்த்தால்தான் முகவருக்குத் தரகு. ஆய்வுப் பட்டத்தில் பணம் எதிர்ப்பக்கமாக ஓடுகிறது, பல்கலைக்கழகம் மாணவருக்குக் கொடுக்கிறது. தரகுக்கு அங்கே இடமில்லை, ஆகவே விளம்பரமும் இல்லை. இந்த வாசல் இருப்பதையே அறியாத பட்டதாரிகள், பிரித்தானியாவில் ஓராண்டு முதுமாணிக்கு இருபதாயிரம் பவுணுக்கு மேல் கட்டுவதற்காகக் காணியை ஈடு வைக்கும் வீடுகளைப் பார்க்கும்போது இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பாடசாலைகளில் புவியியல் என்றால் நிலமும் மக்களும் காலநிலையும் சேர்ந்த கலைப்பாடம். பாறை, கனியம், நிலத்தடி நீர் என்பன புவிச்சரிதவியலுக்குள் வரும். தமிழகத்தில் இதையே நிலவியல் என்றும் புவியமைப்பியல் என்றும் சொல்வார்கள், ஆகவே இணையத்தில் தேடுவோர் மூன்று சொற்களிலும் தேட வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனித்துறை இல்லை. பேராதனையில் புவிச்சரிதவியல் துறையும் மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் துறையும் உள்ளன. "நான் அந்தத் துறை படிக்கவில்லையே" என்று இங்குள்ளவர்கள் ஒதுங்கிவிடுவது இதனால்தான், ஆனால் ஒதுங்கத் தேவையில்லை. பௌதிகவியல் படித்தவரை நிலநடுக்கவியலும் புவிப்பௌதிகமும் தேடுகின்றன. இரசாயனவியல் படித்தவருக்குப் புவி இரசாயனமும் ஓரிடமூலக (ஐசோடோப்பு, அதாவது ஒரே மூலகத்தின் வெவ்வேறு திணிவுள்ள அணுக்கள்) ஆய்வும், கணிதமும் கணினியும் படித்தவருக்குக் காலநிலை மாதிரியமைத்தலும் செய்மதித் தொலையுணர்வும் இருக்கின்றன. கிளிநொச்சியில் விவசாயமோ குடிசார் பொறியியலோ படித்தவருக்கு நிலத்தடி நீரியல் மிக அருகில். கனியவியல், படிவுப் பாறைகள் போன்ற அடிப்படைப் பாடங்களை முதலாண்டில் சேர்ந்து படிக்கும்படி துறை கேட்கலாம், அவ்வளவுதான்.

உண்மையான தடை மூன்றாண்டுப் பொதுப் பட்டம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நான்காண்டு இளமாணியையே எதிர்பார்க்கின்றன. பொதுப் பட்டதாரிகள் பேராதனையிலுள்ள பட்டப்பின் விஞ்ஞான நிறுவகத்தில் புவி விஞ்ஞான முதுமாணி ஒன்றை முடித்துவிட்டு விண்ணப்பிப்பதே நல்லது.

இனிப் பணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் புவி அறிவியல் துறைகள் கலாநிதி மாணவருக்கு மட்டுமன்றி, ஆய்வேட்டுடன் கூடிய முதுமாணி மாணவர் பலருக்கும் பணம் தருகின்றன. இளமாணியோடு நேரே கலாநிதிப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். பணம் வரும் வழி பெரும்பாலும் இரண்டு. முதலாவது, பேராசிரியரின் ஆய்வு மானியம். பொதுவாக மூன்றாண்டுக்கு வரும் அந்த மானியத்தில் ஒரு மாணவரின் கட்டணமும் மாதப்படியும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது, கற்பித்தல் உதவியாளர் பதவி. முதலாண்டு மாணவருக்குப் பாறைகளையும் வரைபடங்களையும் காட்டும் ஆய்வுகூட வகுப்பை நடத்த வேண்டும், வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை. இதற்கு ஆங்கிலப் பேச்சுத் திறனைத் தனியாகப் பார்ப்பார்கள். டோஃபெல் மொத்தப் புள்ளி போதுமாக இருந்தும் பேச்சுப் பகுதியில் குறைந்ததால் இந்தப் பதவி கிடைக்காமற் போவதுண்டு. பட்டப்பின் படிப்புக்கான பொதுத் தகுதிப் பரீட்சையான ஜிஆர்ஈயைப் பெரும்பாலான புவி அறிவியல் துறைகள் கைவிட்டுவிட்டன. துறையின் பக்கத்தைப் பார்க்காமல் அதற்குக் காசு கட்டாதீர்கள்.

மானியம்தான் பணத்தின் ஊற்று என்றால், அந்த மானியம் யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே விண்ணப்பத்தின் முதல் வேலை. எங்கள் பிள்ளைகள் தவறுவதும் இங்கேதான். விண்ணப்ப முடிவுத் திகதிகள் பெரும்பாலும் டிசெம்பர் 1க்கும் ஜனவரி 15க்கும் இடையில் வரும். டிசெம்பரில் படிவத்தைத் திறந்து, "எந்தப் பேராசிரியருடன் வேலை செய்ய விரும்புகிறீர்கள்" என்ற கேள்வியைக் கண்டபின் பெயர் தேடுபவருக்குக் காலம் கடந்துவிட்டது. மின்னஞ்சல் எழுத வேண்டியது ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் முடிவதற்குள்.

அந்த மின்னஞ்சல் 200 சொற்களைத் தாண்டக் கூடாது. தலைப்பில் எந்த ஆண்டு, எந்தப் பருவம், என்ன ஆய்வு என்பது தெரிய வேண்டும். முதல் பந்தியில் அவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வாசித்ததற்கு அடையாளமாக ஒரு கேள்வி. பாராட்டு வேண்டாம், கேள்வி போதும். இரண்டாம் பந்தியில் உங்கள் கைக்கு என்ன தெரியும் என்பது: கிணற்று நீர்மட்டம் அளந்தீர்களா, நைத்திரேற்றுப் பகுப்பாய்வு செய்தீர்களா, ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) மென்பொருளில் வரைபடம் செய்தீர்களா, பைதனில் நிரல் எழுதுவீர்களா. மூன்றாவதில் நேரடியாகக் கேளுங்கள்: அந்தப் பருவத்துக்குப் புதிய மாணவரை எடுக்கிறீர்களா, எடுத்தால் பணம் மானியத்திலிருந்தா, கற்பித்தல் பதவியிலிருந்தா? இரண்டு பக்கத் தன்விபரமும் பெறுபேற்றுப் பத்திரமும் ஒரே பிடிஎஃப் கோவையாக, 2 மெகாபைட்டுக்குள். தொலைபேசியில் படம் பிடித்துச் சாய்வாக நிற்கும் பக்கங்களை அனுப்புவதைவிட அனுப்பாமல் விடலாம்.

ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பினால் பலன் இல்லை. "எந்தத் தலைப்பென்றாலும் சரி" என்ற வரி இங்கே பணிவாகத் தோன்றும், அங்கே இவருக்கு ஆய்வு ஆர்வம் எதுவும் இல்லை என்றே படிக்கப்படும். பத்துப் பேரைத் தெரிந்து, ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். வரும் பதிலையும் படிக்கத் தெரிய வேண்டும். "தாராளமாக விண்ணப்பியுங்கள்" என்பது எல்லோருக்கும் சொல்லும் மரியாதை. "ஸூமில் பேசுவோமா" என்றால்தான் உண்மையான அக்கறை. "இந்த முறை எடுக்கவில்லை" என்று எழுதினால் அவர் உங்கள் விண்ணப்பக் காசை மிச்சப்படுத்தித் தந்திருக்கிறார். நன்றி சொல்லி, வேறு யாரிடம் கேட்கலாம் என்று கேளுங்கள்.

ஆய்வு நோக்கக் கூற்று இரண்டு பக்கம். "சிறு வயதிலிருந்தே இயற்கையில் ஆர்வம்" என்று தொடங்கும் கூற்று முதல் வரியிலேயே தோற்றுவிடும். தேவையானது ஒரு கேள்வி, அது எங்கள் காலடியிலேயே கிடக்கிறது. யாழ். குடாநாட்டின் கீழே மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் மழைநீர் தேங்கி, உவர்நீரின் மேல் வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது இத்தகைய வில்லைக்கான பொது விதி. மேலேயுள்ள ஓரடியை இறைத்து முடித்தால் கீழிருந்து உவர் ஏறுவது இதனால்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இதை ஆய்வுக் கேள்வியாக்கி எழுதலாம்: வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவது உரத்தினாலா, மலசலகூடக் குழிகளினாலா? நைதரசன், ஒட்சிசன் ஓரிடமூலக விகிதங்களை மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து இவ்விரண்டையும் பிரித்தறிய முயலலாம். இவ்வளவை எழுதும் ஒருவரை எந்த நிலத்தடி நீரியல் பேராசிரியரும் இரண்டாம் முறை வாசிப்பார். அதற்காக யாழ்ப்பாணத்தையே ஆய்வுத்தளமாக ஏற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது, அவருடைய மானியம் வேறு நாட்டுப் பாறைக்காக இருக்கலாம். கேள்வி கேட்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். எங்கள் வழக்கத்தில் இது நற்சான்றிதழாக மாறிவிடுகிறது: "ஒழுக்கமானவர், நேரந்தவறாதவர், பெரியோரை மதிப்பவர்." தெரிவுக் குழுவுக்கு இதில் ஒன்றும் இல்லை. இறுதியாண்டு ஆய்வில் மாணவர் எதைத் தானாகச் செய்தார், எந்தத் தவறைத் தானே கண்டுபிடித்தார், வகுப்பில் எத்தனை பேரில் எத்தனையாவது என்பவையே பெறுமதி. விரிவுரையாளருக்கு ஐந்தாறு வாரம் முன்னதாகவே ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். அவரது பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியையே படிவத்தில் இடுங்கள், ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சில இடங்களில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். காசு கட்டிப் போலிச் சஞ்சிகையில் கட்டுரை வெளியிடும் பழக்கமும் பரவுகிறது. அது விண்ணப்பத்தைப் பலப்படுத்தாது, கெடுக்கும். கட்டுரை இல்லாமலே இடம் கிடைக்கும்.

பெறுபேற்றுப் பத்திரத்துக்காக மாதக்கணக்கில் அலைவதும் தேவையற்றது. விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் மாணவர் தாமே பதிவேற்றும் பிரதி போதும், முத்திரையிட்ட உறையில் பல்கலைக்கழகம் அனுப்பும் பிரதி அனுமதி கிடைத்த பின்பே தேவை. ஆங்கில மொழிமூலம் படித்ததற்குப் பதிவாளரின் கடிதம் ஒன்றை எடுத்து வைத்தால் சில பல்கலைக்கழகங்கள் மொழிப் பரீட்சையையே தளர்த்துகின்றன. டோஃபெல், ஐஈஎல்டிஎஸ் இரண்டும் இரண்டு ஆண்டுக்கே செல்லும், ஆகவே அவசரப்பட்டு எழுதினால் மறுபடி எழுத நேரும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 60 முதல் 100 டொலர். பட்டப்பின் படிப்பு இணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதி விலக்குக் கேட்டால் கிடைக்கும் இடங்கள் உண்டு. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பதும் இப்போது புத்தியில்லை. 2025 இல் ஆய்வு நிதி வெட்டுகளால் அங்கே பல பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் சேர்க்கையைக் குறைத்தன. கனடாவில் ஆய்வு முதுமாணிக்கும் பணம் உண்டு, ஆனால் பல துறைகளில் பேராசிரியர் ஒருவர் ஏற்றுக்கொண்டால்தான் விண்ணப்பமே நகரும். மாமா ரொறன்ரோவில் இருப்பது தங்குமிடத்துக்கு உதவும், அனுமதிக்கு உதவாது. நோர்வே, சுவீடனில் கலாநிதிப் படிப்பு சம்பளத்துடன் கூடிய வேலை. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஆண்டு முழுவதும் விளம்பரம் வரும், ஆனால் பொதுவாக முதுமாணி முடித்திருக்க வேண்டும். ஜேர்மனியில் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்குக் கட்டணம் இல்லை. பாடன் வூட்டம்பேர்க் மாநிலத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அதைவிடக் கூட. கட்டணம் இல்லாவிட்டாலும் வாழ்க்கைச் செலவுக்காக முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும் என்பதை முகவர் கடைசியில்தான் சொல்வார். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கட்டணம், விமானச் சீட்டு, மாதம் ஏறத்தாழ 144,000 யென் தருகிறது. தூதரக வழி விண்ணப்பம் ஏப்ரல், மே மாதங்களில் வரும். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டூஸ் கூட்டு முதுமாணிகளில் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ. பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டாண்டு வேலை அனுபவமும், படிப்பு முடிய இரண்டாண்டுக்கு நாடு திரும்பும் உறுதியும் தேவை.

அனுமதிக் கடிதம் வந்ததும் மகிழ்ச்சியில் கையெழுத்திடாமல் நான்கு விடயங்களைப் பாருங்கள். மாதப்படி ஒன்பது மாதத்துக்கா, பன்னிரண்டு மாதத்துக்கா? 24,000 டொலர் என்று போட்டு ஒன்பது மாதத்தோடு நிறுத்தினால் கோடை மூன்று மாதமும் கைக்காசு. கட்டண விலக்கு முழுமையானதா, அல்லது "கட்டாயக் கட்டணங்கள்" தனியா? அவை ஆண்டுக்கு ஆயிரம் டொலரைத் தாண்டுவதுண்டு. மருத்துவக் காப்புறுதி சேர்ந்ததா? எத்தனை ஆண்டுக்கு உறுதி? பணம் தரும் இடத்தை ஏற்பதா என்று முடிவெடுக்க ஏப்ரல் 15 வரை அவகாசம் என்ற பொது இணக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவை ஒப்பமிட்டுள்ளன, அதற்கு முன் யாராவது நெருக்கினால் அதை மரியாதையாகச் சுட்டிக்காட்டலாம். வேண்டாத இடத்தை உடனே மறுத்துவிடுங்கள், காத்திருப்புப் பட்டியலில் இன்னொருவர் இருப்பார்.

முழு நிதியுடன் இடம் கிடைத்தவருக்கும் கையில் கொஞ்சம் வேண்டும். அமெரிக்கா செல்வோருக்கு அந்த அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு முறைக்கு 350 டொலர், விசாவுக்கு 185 டொலர், விமானச் சீட்டு, வீட்டு முற்பணம். முதல் கொடுப்பனவு செப்டெம்பர் இறுதியில்தான் வரும் இடங்கள் பல, ஆகவே இரண்டு மாதச் செலவை இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். ஆனால் அது ஒரு சங்கிலியை அடகு வைத்துச் சமாளிக்கக்கூடிய தொகை, தோட்டக் காணி முழுவதையும் விழுங்கும் தொகையல்ல.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் புலமைப்பரிசில் பற்றிய செய்திகள் முடிவுத் திகதிக்கு ஒரு வாரம் முன்பே பெரும்பாலும் வருகின்றன. மேற்சொன்ன திகதிகளை ஜூலை மாதத்திலேயே ஒரு பக்கமாக வெளியிட்டால் இறுதியாண்டு மாணவருக்கு மின்னஞ்சல் எழுத நேரம் கிடைக்கும். பல்கலைக்கழக நிர்வாகத்திடம் இன்னொன்று: நவம்பர், டிசெம்பர் மாதங்களில் பெறுபேற்றுப் பத்திரக் கோரிக்கைகளை இரண்டு வாரத்துக்குள் முடித்துக் கொடுக்கத் தனியாக ஓர் அலுவலரை நியமியுங்கள்.

புவி விஞ்ஞானப் பட்டதாரிகள் சிலர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.