அப்பாவின் கால் குறித்து

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் தொடையில் பழைய தழும்பை ஒட்டியே கட்டி மறுபடியும் வந்திருப்பதைச் சொன்னதும், காலை எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா, வீரியமான கீமோ கொடுக்கக் கூடாதா என்று நீ அழுதுகொண்டே கேட்டாய். மருத்துவர்கள் கூடிப் பேசி முடிவு செய்ததை நிதானமாக எழுதுகிறேன். மருமகனுக்கும் படித்துக் காட்டு.

அப்பாவுக்கு வந்திருப்பது மிக்ஸோஃபைப்ரோசார்கோமா. பெரும்பாலும் வயதானவர்களின் கை கால்களில் வரும் அரிய புற்றுநோய். ஓரிடத்தில் திரண்டு நிற்காமல், தசையின் மேலுறையை ஒட்டி மெல்லிய இழையாக ஓடுவதுதான் இதன் கெட்ட குணம். கையால் தடவினால் நெல்லிக்காய் அளவே தென்படுகிற கட்டி, எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு விரல் நீளத்துக்கு வால் விட்டிருக்கிறது. முதல் முறை வெறும் கொழுப்புக் கட்டி என்று எண்ணி, ஸ்கேனும், ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும் இல்லாமலேயே வெட்டி எடுத்துவிட்டார்கள். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய, ஆழத்தில் வளரும் கட்டியில் அந்த இரண்டும் பார்க்காமல் கத்தி வைக்கவே கூடாதாம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

காலை எடுப்பது பற்றி நானும் கேட்டேன். 1982-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், காலைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுத்தவர்களுக்கும் காலை எடுத்தவர்களுக்கும் ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை என்று மருத்துவர் விளக்கினார். இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும். அப்பாவின் மார்பு சி.டி. இப்போது சுத்தமாக இருக்கிறது. முக்கிய இரத்தக்குழாயும் நரம்பும் கட்டியில் சிக்கவில்லை என்பதால் காலை எடுக்க வேண்டிய நிலை இல்லை. கீமோவுக்கு முதலில் தருவது டாக்ஸோரூபிசின். அது இதயத்தைப் பாதிக்கக்கூடியது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் அப்பாவின் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் அளவு இயல்பைவிடக் குறைவாக 45 சதவீதம்தான் இருப்பதால், இப்போது அது வேண்டாம் என்றார்கள். சென்ற முறை 25 தவணைகளில் 50 கிரே (கதிர்வீச்சின் அளவு அது) கதிர்வீச்சு கொடுத்தாயிற்று. அதே இடத்தில் மீண்டும் கொடுத்தால் புண் ஆறாது, தொடை எலும்பும் முறியக்கூடும்.

ஆகவே அகலமாக வெட்டி எடுக்கப் போகிறார்கள். தோல், தசையுறை எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தாலும் புண்ணை அன்றே மூடமாட்டார்கள். புண்ணின் நீரை உறிஞ்சி எடுக்கும் வேக்யூம் டிரெஸ்ஸிங் என்ற கட்டைப் போட்டு வைத்து, வெட்டிய விளிம்புகளில் நோய் இல்லை என்று பரிசோதனை முடிவு வந்த பிறகே வேறிடத்திலிருந்து தசையும் தோலும் எடுத்து மூடுவார்கள். அதன்பின் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொடைக்கும் மார்புக்கும் ஸ்கேன் உண்டு. திரும்பவும் வராது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அப்பா அதை நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தார். தம் காலில் நடந்து வயலுக்குப் போக வேண்டும் என்பதே அவர் விருப்பம். அதை நாம் மதிக்க வேண்டும், கண்ணு.

அறுவை சிகிச்சையன்று ஓடி வராதே. தோல் ஒட்டியதும் அவர் நடக்கப் பழகும் வாரங்களில் வா. பிசியோதெரபிக்கு நான் அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், நீ சொன்னால் எழுந்து நிற்பார். விடுப்புக்கு இப்போதே சொல்லி வை, தேதி முடிவானதும் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா