விலை உயர்வு பற்றியும் "ஒரே சாமான்" என்ற பேச்சைப் பற்றியும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

குளிர்காலத்தில் பனி உருகத் தூவிய வீதி உப்பை மழை கழுவி முடித்ததும் மோட்டார் சைக்கிளை வெளியே எடுக்கும் நீங்கள், அதே கையோடு, மோட்டார் சைக்கிளை ஏற்றி வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் ட்ரெயிலர்களை விற்கும் எங்களையும் அழைத்து, "இந்த வருஷம் ஐந்துக்கு எட்டு என்ன விலை போகுது?" என்று கேட்பது வழக்கம். இந்த முறை அழைத்தவர்களில் பலர் விலையைக் கேட்கவில்லை. எங்கள் ட்ரெயிலரும் பெரிய கடையில் பெட்டியில் கிடைக்கும் மலிவு ட்ரெயிலரும் ஒரே சாமான்தான் என்று வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு குரல் பதிவைக் கேட்டுவிட்டு, "அண்ணை, அது உண்மையோ?" என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கம் சொல்லி, அது வேறு விதமாகத் திரிந்து போவதை விட, எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது.

முதலில் விலை. பக்கத் தடுப்பும், பின்னால் இறக்கி ஏற்றும் வலைக் கதவும் கொண்ட ஐந்து அடிக்கு எட்டு அடி ட்ரெயிலர் சென்ற பருவத்தில் 2,450 டொலராக இருந்தது. இனி 2,790 டொலர், 13 வீத விற்பனை வரி வேறு. 2025 மார்ச் 12 முதல் அமெரிக்கா வெளிநாட்டு உருக்குக்கும் அலுமினியத்துக்கும் 25 வீதத் தீர்வை விதித்ததையும், மறுநாளே கனடா பதிலுக்கு அமெரிக்க உருக்குப் பொருட்கள் மீது 25 வீதம் விதித்ததையும், யூன் மாதத்தில் அமெரிக்கா தன் தீர்வையை 50 வீதமாக்கியதையும் நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மரத்தளத்தையும் ரயரையும் நீக்கிவிட்டால் ட்ரெயிலரில் எஞ்சுவது உருக்கு மட்டுமே. எங்களுக்குச் சட்டகம் செய்து தரும் ஒன்ராறியோ மாகாணத் தொழிற்சாலை அதன் பிறகு விலைப்பட்டியலை இரண்டு தடவை மாற்றியது. முதல் மாற்றத்தை நாங்களே தாங்கிக்கொண்டோம்; இரண்டாவதைத் தாங்க இயலவில்லை.

இனி அந்தக் குரல் பதிவு. பேசுபவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும். அவரும் எங்கள் வாடிக்கையாளரே. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை, நீங்களும் ஊகிக்க வேண்டாம். பெரிய வன்பொருட் கடையில் 1,150 டொலருக்குப் பெட்டியில் கிடைக்கும் ட்ரெயிலரைத்தான் நாங்கள் பூட்டி, நிறம் அடித்து, இரண்டு மடங்குக்கு மேல் விலை வைத்துத் தமிழ் ஆட்களிடமே விற்கிறோம் என்பது அவர் சொன்னதன் சாரம். விலை கூடிவிட்டது என்று மட்டும் சொல்லியிருந்தால் நாங்கள் வாயே திறந்திருக்க மாட்டோம், அதில் நியாயம் உண்டு. "இரண்டும் ஒரே சாமான்" என்று சொன்னதுதான் உறுத்துகிறது. ஆகையால் அதைப் பற்றிச் சற்று நீளமாகவே எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வருவது நான்கு அடிக்கு எட்டு அடி அளவில், நடுவில் மடியக்கூடியதாக, நட்டும் போல்ட்டும் கொண்டு வீட்டில் பூட்ட வேண்டியதாக இருக்கும். அதன் சக்கரம் 8 அல்லது 12 அங்குலம். நாங்கள் தருவதில் 15 அங்குலம். சிறிய சக்கரம் என்றால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். 401 நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது 15 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 770 தடவை சுழல்கிறது. 12 அங்குலச் சக்கரம் 1,000 தடவை. 8 அங்குலச் சக்கரமோ 1,300 தடவை. அந்தச் சுழற்சி முழுவதும் பெயரிங்கில்தான் சூடாக இறங்குகிறது. கிறீஸ் உருகி வெளியேறிவிட்ட ஒரு ஹப்பை, அதாவது பெயரிங் இருக்கும் சக்கர மையத்தை, கழற்றினால், உருளைகள் நீலம் பாரித்திருக்கும், அச்சின் முனை வரிவரியாகத் தேய்ந்திருக்கும், எரிந்த எண்ணெய் நாற்றம் கையை விட்டு இரண்டு நாளைக்குப் போகாது. அப்படிப்பட்ட ஹப்கள் ஒவ்வொரு கோடையிலும் எங்கள் பட்டறை மேசைக்கு வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை எங்களிடம் வாங்கிய ட்ரெயிலர்களுடையவை அல்ல என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

அடுத்தது தரை. பெட்டி ட்ரெயிலருக்குத் தரையே கிடையாது. ஒட்டுப்பலகையை நீங்கள் வாங்கி, வெட்டி, பூட்ட வேண்டும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கவ்வி, பட்டி கட்டுவதற்கான வளையங்கள், ஏற்றுவதற்குச் சரிவுப் பலகை, உபரிச் சக்கரம் எல்லாம் தனித்தனிச் செலவு. அவற்றையும் கூட்டினால் 1,600 டொலரைத் தாண்டும். அப்போதும் எங்களுடையதை விட மலிவுதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வளையங்களை எதில் பூட்டுவீர்கள் என்பதையும் பாருங்கள். மோட்டார் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தும்போது முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு ராட்செட் பட்டிகள் அதைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். வீதியில் ஒவ்வொரு குழியிலும் அந்த இழுவை கூடிக் குறையும். ஒட்டுப்பலகையில் மரை ஆணியால் பூட்டிய வளையம் அதைச் சில காலம் தாங்கும். மழையில் பலகை ஊறிய பிறகு தாங்காது. எங்கள் ட்ரெயிலரில் வளையங்கள் சட்டகத்தின் இரும்போடு வெல்டிங் செய்யப்பட்டவை. நீங்கள் கடைக்கு வந்தால் சுத்தியலால் தட்டிப் பார்க்கலாம். வெட்கப்பட வேண்டாம், பலர் தட்டியிருக்கிறார்கள்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மாகாணத்தில் ட்ரெயிலரை அழிப்பது பாரத்தை விட உப்புத்தான். வெறும் நிறம் பூசிய சட்டகம் சில குளிர்காலங்களிலேயே வெல்டிங் மூலைகளில் கொப்புளித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த சட்டகம் விலை கூடியது என்றாலும், வீட்டு வாசலில் திறந்த வெளியில் நிறுத்துபவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறோம். கராஜுக்குள் வைப்பவர்களுக்கு நிறம் பூசியதே போதும். அவர்களிடம் கூடிய விலையானதை நாங்கள் ஒருபோதும் திணித்ததில்லை.

எங்கள் பொருளுக்கு நாங்களே வக்காலத்து வாங்குகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். 3,500 இறாத்தல் தாங்கும் அச்சின் மேல் ஒரேயொரு சிறிய மோட்டார் சைக்கிளை ஏற்றினால், ஸ்பிரிங் பட்டைகள் வளையவே மாட்டா. ஒவ்வொரு பாலத்தின் மூட்டிலும் ட்ரெயிலர் துள்ளும், பட்டிகள் தளரும். 250 சிசி அழுக்குப்பாதை மோட்டார் சைக்கிளை, அதாவது 110 கிலோ அளவில் உள்ள ஒன்றை, வீட்டிலிருந்து கனரஸ்கா காட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்புபவருக்கு 12 அங்குலச் சக்கரம் உள்ள பெட்டி ட்ரெயிலர் தாராளமாகப் போதும். வருடத்தில் ஒன்றிரண்டு தடவைதான் ஏற்றப்போகிறீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். இதை நேரில் கேட்டவர்களிடம் சொல்லி, விற்பனை செய்யாமலேயே அனுப்பியும் வைத்திருக்கிறோம். பான்குரொப்ட் மலைப்பாதைகளுக்கோ, எல்லை தாண்டித் தென்னசிப் பக்கமோ அடிக்கடி போகிறவர்களுக்கும், இரண்டு மோட்டார் சைக்கிள்களை ஏற்றுபவர்களுக்கும்தான் ஐந்துக்கு எட்டு. ஒரே ஒரு நடுத்தர மோட்டார் சைக்கிள் என்றால், 2,000 இறாத்தல் அச்சுள்ள ஒடுக்கமான வகை ஒன்றும் எங்களிடம் உண்டு. விலையும் குறைவு, ஓட்டமும் மென்மை. ஏனோ அதை யாரும் கேட்பதில்லை. பெரிதாகத் தெரிவதைத்தான் நம்மவர்கள் விரும்புகிறார்கள்.

உங்கள் வாகனம் எவ்வளவு இழுக்கும் என்பதைப் பார்க்காமல் ட்ரெயிலரைப் பற்றி முடிவெடுக்க முடியாது. ஹொண்டா சிஆர்-வியின் பெற்றோல் வகை இழுக்கக்கூடியது 1,500 இறாத்தல். டொயோட்டா சியெனா வான் 3,500 இறாத்தல். ஐந்துக்கு எட்டு ட்ரெயிலர் வெறுமையாகவே ஏறத்தாழ 700 இறாத்தல். சென்னைக்கு அண்மையில் செய்யப்பட்டு இங்கே வந்து, நம் இளைஞர்கள் பலர் பெருமையோடு ஓட்டும் ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450இன் எடை 196 கிலோ, அதாவது 432 இறாத்தல். ஒன்றை ஏற்றினால் சிஆர்-விக்குப் பிரச்சினை இல்லை. இரண்டை ஏற்றினால் 1,560 இறாத்தலைத் தாண்டிவிடும். பட்டியும் பெற்றோல் கலனும் அதற்கு மேல். பெரிய ஹார்லி ஒன்றே 800 இறாத்தலைத் தாண்டும் என்பதால் அங்கும் இதே கதைதான். ஹொண்டா சிவிக் கார் வைத்திருக்கும் ஒருவருக்கு ஹிச், அதாவது ட்ரெயிலரைக் கொளுவும் இணைப்பு, பூட்டித் தர மறுத்தோம் என்பதும் அந்தக் குரல் பதிவில் ஒரு குற்றச்சாட்டாக வருகிறது. ட்ரெயிலர் இழுப்பதற்காக வடிவமைக்கப்பட்ட வாகனம் இது அன்று என்று அதன் கையேடே சொல்லும்போது, மறுத்தது அவமதிப்பாகாது. இன்று வந்து கேட்டாலும் அதே பதில்தான் கிடைக்கும்.

ஏற்றும் முறையையும் இங்கே எழுதிவிடுகிறோம், ஏனென்றால் துள்ளுகிறது, வாலாட்டுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பாதி இதில் இருந்துதான் பிறக்கிறது. மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் ஹிச் பந்தின் மேல் இறங்க வேண்டும். அதற்கு இயந்திரப் பகுதி அச்சுக்குச் சற்று முன்னால் இருக்குமாறு மோட்டார் சைக்கிளை நிறுத்துங்கள். பின்னால் தள்ளி நிறுத்தினால் வேகம் கூடியதும் ட்ரெயிலர் பாம்பு போல் நெளியத் தொடங்கும். பக்கத் தாங்கியை மடித்துவிட்டே கட்டுங்கள். முன் ஷொக் பாதியளவு அமுங்கினால் போதும். முற்றாக அமுக்கிக் கட்டினால் எண்ணெய் சீல்கள் போய்விடும். முதல் 80 கிலோமீற்றரில் எங்காவது நிறுத்திச் சக்கர நட்டுகளை மீண்டும் இறுக்கி, ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே ஓட்டாதீர்கள்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: ஒன்ராறியோவில் மொத்த எடை 1,360 கிலோவை எட்டும் ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம். எங்கள் ட்ரெயிலரின் தகட்டில் 2,990 இறாத்தல் என்று பொறிக்கப்பட்டிருப்பது அந்த எல்லைக்குள் நிற்பதற்காகவே. இலக்கத் தகடு ஒருமுறை எடுத்தால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. பழையது வாங்குபவர்கள் ரயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. அவ்வளவு பழைய ரயர் தோற்றத்தில் புதிதாக இருந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ட்ரெயிலர் விளக்கு மங்கினால் முதலில் வெள்ளைக் கம்பியை, அதாவது பூமி இணைப்பை, பாருங்கள். பத்தில் எட்டுத் தடவை அந்த இணைப்பில் பிடித்த துருவே காரணம்.

எங்களிடம் வெல்டிங்கும் மின்னிணைப்பும் பார்த்துவந்த தம்பி கூடிய சம்பளத்துக்கு அல்பேர்ட்டாவுக்குப் போய்விட்டார். அவருடைய கைவேலையை நீங்கள் எல்லோரும் மெச்சியவர்கள். எங்களுக்கும் வருத்தமே, அவருக்கு எங்கள் வாழ்த்து. தகுதியான ஒருவர் கிடைக்கும் வரை ஹிச் பூட்டும் வேலை சனிக்கிழமைகளில் மட்டும் நடைபெறும். ஏற்கெனவே முற்பணம் கட்டியவர்களுக்கும் ட்ரெயிலரை எடுக்கும் நாளில் உள்ள விலையே பொருந்தும். பெயரிங் சோதனையும் கிறீஸ் இடுவதும் எங்களிடம் வாங்கியவர்களுக்கு முன்போல முதல் ஆண்டு இலவசம்.

கடை தொடங்கிய காலத்தில் எங்களிடம் காட்சிக்கு வைக்க ஒரேயொரு ட்ரெயிலர்தான் இருந்தது. அதைப் பார்த்து வாங்கி, மச்சானுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லி, கோவில் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் போத்தல் ஏற்றக்கூட எங்கள் ட்ரெயிலரையே கேட்டு வந்தவர்கள் நீங்கள். கடந்த வாரம் அந்தக் குரல் பதிவைக் கேட்ட உடனேயே கடைக்கு வந்து, எதுவும் வாங்காமல், தேநீர் குடித்துவிட்டு, "நாங்கள் இருக்கிறம், நீங்கள் கடையை நடத்துங்கோ" என்று சொல்லிப்போன ஐயாமாருக்கும் அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பதிவை அனுப்பியவரும் வரலாம். பெட்டியில் வந்த அந்த ட்ரெயிலரையே கொண்டு வரட்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

வருபவர்கள் வாகனத்தின் கையேட்டில் இழுவை எடை எழுதிய பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மோட்டார் சைக்கிளின் எடையும் தெரிந்திருந்தால் அரை மணி நேரம் மிச்சம். ஞாயிறும் திங்களும் கடை பூட்டியிருக்கும்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்
ஸ்காபரோ