60 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள்?

எனக்கு வேலை தந்த விளம்பர ஏஜென்சியின் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும், இதே வழக்கம் உள்ள மற்ற ஏஜென்சிகளுக்கும்,

வணக்கம்.

நேற்று என் இன்வாய்ஸ் மறுபடியும் திரும்பி வந்தது. இந்த முறை பிஓ நம்பர், அதாவது வேலை தரும்போது நீங்கள் போடும் பர்ச்சேஸ் ஆர்டரின் எண், இல்லையாம். அந்த நம்பரைத் தர வேண்டியவர்களே நீங்கள்தான். போன முறை, உங்கள் கம்பெனியின் பதிவுப் பெயர் முழுதாக இல்லை என்றீர்கள். அதற்கு முன்னால், என்னை உங்கள் கணக்கில் பதிவு செய்யும் வெண்டர் ஃபார்ம் இல்லை என்றீர்கள்.

திருத்தி அனுப்புவது ஐந்து நிமிட வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் உங்கள் 60 நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. 'நெட் 60', அதாவது இன்வாய்ஸ் தந்து 60 நாளுக்குள் பணம், என்பதற்குச் சம்மதித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் குறை கண்டுபிடித்து முடித்த நாளிலிருந்து 60 என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை.

இதற்கிடையே வீடியோ வெளியாகி, கேம்பெயினே முடிந்துவிட்டது. கேமரா வாடகையும் எடிட்டர் சம்பளமும் என் கையிலிருந்து அப்போதே போய்விட்டன. அவர்களிடம் 'பிஓ நம்பர் வரட்டும்' என்று சொல்ல முடியுமா? உங்கள் கிளையன்ட்டின் விளம்பரத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருப்பது நான்தான்.

கேட்பது இதுதான்: முதல் இன்வாய்ஸ் வந்த தேதியிலிருந்து 60 நாளை எண்ணுங்கள். இன்வாய்ஸில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, வேலை விவரம் சொல்லும் பிரீஃபோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள்.

நியூயார்க் நகரில் 2017 முதல் இதற்குச் சட்டமே இருக்கிறது; ஒப்பந்தத்தில் தேதி குறிக்காவிட்டால், வேலை முடிந்த 30 நாளுக்குள் ஃப்ரீலான்சருக்குப் பணம் தந்தாக வேண்டும். பிரிட்டனில் தாமதமான வணிகப் பாக்கிக்கு, அடிப்படை வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்க 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வட்டியும் வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் ஒரு நாள் தாமதித்தால் தொகையில் பிடித்தம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி வைத்திருக்கிறீர்கள். லோகோ கொஞ்சம் நகர்ந்திருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோன் வருகிறது. உங்கள் தாமதத்துக்கு என்ன விதி? 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று ஒரு வரி. அப்புறம், பேமென்ட் போடுவது மாதத்துக்கு ஒரு முறைதான், இந்த மாதத்துக்கு முடிந்துவிட்டது என்று இன்னொரு வரி. பொறுமைக்குத் தனியாக இன்வாய்ஸ் போட்டால் அதற்கும் பிஓ நம்பர் கேட்பீர்கள்.

சரி, சூடாக எழுதிவிட்டேன். உங்களில் பலர் மேலிடம் சொன்னதைத்தான் செய்கிறீர்கள் என்பது தெரியும். அந்த மேலிடத்துக்கும் இந்த மடலைக் காட்டுங்கள்.

திருத்திய இன்வாய்ஸை இன்று அனுப்பியிருக்கிறேன். பிஓ நம்பர் சேர்த்தாகிவிட்டது. தேதியை மட்டும் மாற்றவில்லை. தயவுசெய்து அந்தத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோவைச் சொன்ன நாளில் கொடுத்த ஃப்ரீலான்சர்